கொடிமரத்துக்கு நாலு மணிச் சோறு

1999 ஜனவரி 4, திங்கள்

காலையில் நல்ல பனி. தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டது. விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன்.

கிளப் செக்ரட்டரி சார் பேங்க் டயரி ஒன்று தந்தார். சாமான் லிஸ்ட் எழுதிக்கொள்ளவாம். அஞ்சாம் கிளாஸோடு நின்றவளுக்கு ஒரு வருஷத்துக் காகிதம். சாமான் ஒரு மூலையில் கிடக்கட்டும். மீதியில் இந்த வீட்டைப் பற்றி எழுதுவேன். யார் படிக்கப்போகிறார்கள். பயல்களுக்கு மலையாளம்தான் வாசிக்கத் தெரியும். தூத்துக்குடி செல்வராஜ் ஒருத்தன்தான் தமிழ், அவன் எழுத்தைக் கண்டால் கொட்டாவி விடுவான்.

வாங்க வேண்டியது: மட்ட அரிசி, நெத்திலி, சேனை, மரச்சீனிக் கிழங்கு, பேரீச்சம்பழம் (கொடிமரத்துக்கு).

கொடிமரம் யார் என்று பிற்பாடு எனக்கே மறந்துபோகும், எழுதிவைக்கிறேன். மலையாள ஊரில், பேட்டையில் இந்த வீடு, கிளப்புக்காரர்கள் பந்து விளையாடும் பயல்களைத் தங்கவைக்கிற வீடு. பதினாலு பேர். ஒன்பது வருஷமாக நான்தான் பொங்கிப் போடுகிறேன். அடுக்களைக்குப் பின்னால் உள்ள முறி நான் படுக்க. போன மாசம் இருபத்தொன்றாம் தேதி பதினைந்தாவதாக ஒருத்தன் வந்தான். போஸ்னியா என்ற நாட்டுக்காரன். பேர் மிர்சாத். முன்னால் நின்று கோல் அடிக்கிற வேலை. ஆறேகால் அடி. உள்ளே நுழையும்போதே நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டு "ஸாரி" சொன்னான். எனக்குச் சொன்னானோ நிலைக்குச் சொன்னானோ. அன்றே கொடிமரம் என்று பேர் வைத்துவிட்டேன்.

அவன் வந்தது நோன்பு தொடங்கின சமயம். இவன் நோன்புக்காரனா என்று கேட்கச் சொன்னதே நான்தான். போன வருஷம் வரை நௌஷாத் இருந்தான். அவனுக்கு விடியுமுன் சோறு, பொழுது சாய்ந்ததும் கஞ்சியும் பழமும். இந்த வருஷம் அவன் கால் ஒடிந்து மலப்புறத்தில் கிடக்கிறான். செ. சார் (முழுசாக எழுதினால் கை வலிக்கிறது) இவனிடம் கேட்டார், "மிர்சாத், முஸ்லிம்?" "யெஸ்." "ரம்ஸான்?" "யெஸ், யெஸ், ரம்ஸான்." தீர்ந்தது விசாரணை.

அன்றிலிருந்து நாலு மணிக்கு எழும்பல். கொடிமரம் பாதிக் கண்ணோடு வந்து உட்காரும், போட்டதையெல்லாம் தின்னும், "குட், செச்சி, குட்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுக்கும். அக்காவுக்கு மலையாளத்தில் சேச்சி, அவன் வாயில் செச்சி. ஒரு நாள் சாளை மீனை முள்ளோடு தின்றது.

பகலில் அவன் கண்ணில் சோறு படக்கூடாது என்று செல்வராஜ் சட்டம். அதனால் மற்றப் பயல்களுக்கு மத்தியானச் சாப்பாடு பின்னால் விறகுப்புரையில். பதினாலு தட்டையும் நான் சுமக்கணும். கடிக்கிற சத்தம் கேட்கும் என்று பப்படமும் கிடையாது. இரக்கம் அவன்களுக்கு, இடுப்புவலி எனக்கு.

ஜனவரி 5, செவ்வாய்

வானம் மூடம். மழை இல்லை. வேலிப் பக்கம் போட்ட கொத்தமல்லியைக் கோழி கிளறிவிட்டது.

இன்று மேட்ச். நான் கிரவுண்டுக்குப் போகிறதில்லை. இருபத்திரண்டு பேர் ஒரு பந்துக்கு அடித்துக்கொள்வதைப் பார்த்தால், ஏழு பிள்ளைகளுக்கு ஒரு சோப்புத் துண்டு இருந்த எங்கள் வீடுதான் ஞாபகம் வரும்.

ஆறு மணிக்கு வேன் வந்தது. செல்வராஜ் முதலில் இறங்கினான்.

"என்னலே ஆச்சு?"

"தோத்தாச்சுக்கா. ஒண்ணுக்கு சைபர்."

"கொடிமரம்?"

"அம்பது நிமிசம் வரைக்கும் சிங்கம்க்கா. பொறவு ஓட்டம் நடையாச்சு, நடை நிப்பாச்சு. எழுபதுல கோச் வெளிய கூப்பிட்டாரு. கேலரில ஒருத்தன் கத்துதான், 'சாயிப்பே, கட்டில் கொண்டுவரட்டே'ன்னு."

வெள்ளைக்காரன் இந்த ஊரில் சாயிப்பு. சிரித்துவிட்டேன். அப்புறம் அவன் இறங்கினான். வெள்ளைக்காரன் களைத்தால் முகம் சிவக்கும் என்பார்கள். இவன் முகம் உரித்த கிழங்கு மாதிரி இருந்தது. தொப்பென்று படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். அவிழ்த்து முடியவில்லை. அப்படியே இருந்தான்.

மூன்று மேட்ச், ஒரு கோல் இல்லை. பொழுது சாய்ந்ததும் கஞ்சி. மூன்று கிண்ணம். பேரீச்சம்பழக் கொட்டைகளை வரிசையாக அடுக்கினான், பதினொன்று. அவன் ஊரில் டீமை அப்படித்தான் நிறுத்துவார்களோ.

ஜனவரி 6, புதன்

காஸ் தீர்ந்தது. விறகில் பொங்கினேன். கண் எரிச்சல்.

செ. சார் பேப்பரோடு வந்தார். மலையாளப் பேப்பர்க்காரன் எழுதியிருக்கிறானாம், இந்த கிளப் வெளிநாட்டிலிருந்து ஒரு அலங்கார விளக்கு வாங்கியிருக்கிறது என்று. இதே பேப்பரில்தான் இரண்டு வாரம் முன்னால் செ. சார் படம் வந்தது, நோன்பு பிடிக்கிற வெளிநாட்டு வீரனுக்கு நாலு மணிக்குச் சோறு கொடுக்கும் நல்ல மனசு என்று. நாலு மணிக்கு எழும்புகிறவள் படம் வரவில்லை.

"திங்களாழ்ச்ச கமிட்டி" என்றார். "டிக்கட் எடுத்து அவன ஊருக்கு விடுகதான்."

"மூணு மேட்ச்சுக்குள்ளயா சாரே? புது மருமவளுக்குக்கூட ஒரு மாசம் குடுப்பாவ."

"மருமகள் கோல் அடிக்கண்டா, கனகம்."

மருமகள் கோல் அடிக்க வேண்டாம், சரிதான். காலி கிளாஸை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன்.

சாயங்காலம் கோச் வந்து விசில் ஊதினார். சாயா வேண்டும் என்றாலும் விசில்தான் இந்த மனுஷனுக்கு. கொடிமரத்துக்கு ஸ்டாமினா இல்லை, நாளை முதல் சங்குமுகம் கடற்கரை மணலில் தனி ஓட்டம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜனவரி 7, வியாழன்

வெயில்.

நாலு மணி: சோறு, நெத்திலி பொரியல், முட்டை மூன்று, பழம். ஐந்தரை: ஓட்டம், மணலில். எட்டு: மற்றவர்களோடு ஓட்டம். மூன்றரை: மறுபடி ஓட்டம். ஆறேகால்: கஞ்சி. கோவில் காளைக்குக்கூட மத்தியானம் ஒரு பிடி வைக்கோல் உண்டு.

மத்தியானம் நிக்கரைக் கையில் பிடித்துக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றான். இடுப்பில் நிற்கவில்லையாம், சைகையில் சொன்னான். வந்தபோது இறுக்கமாக இருந்த நிக்கர். எலாஸ்டிக்கை மூன்று விரல்கடை பிடித்துத் தைத்தேன். அவன் நின்றுகொண்டே அடுப்பைப் பார்த்தான். அடுப்பில் பயல்களின் மீன்குழம்பு. மூடியை எடுத்துச் சாத்தினேன். "தேங்க்யூ, செச்சி" என்றான். நிக்கருக்கா மூடினதுக்கா, தெரியவில்லை.

பாவம்தான். ஆனால் நோன்பு என்றால் நோன்பு. போன வெள்ளிக்கிழமை செ. சார் ஆட்டோவில் பள்ளிவாசலுக்கு அனுப்பினார், ஒழுங்காகத் தொழுதான் என்று ஆட்டோக்காரன் சாட்சி சொன்னான். நான் யார் நடுவில் மூடி திறக்க.

ஜனவரி 8, வெள்ளி

என்ன சொல்ல. என்னை நானே அகப்பையால் அடித்துக்கொள்ள வேண்டும்.

மூன்று மணிக்குத் துணி எடுக்க மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொடிமரம். ஒரு கையில் சிகரெட். மற்றக் கையில் ஒரு குப்பி தண்ணீர், பாதி காலி. என்னைக் கண்டதும் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தது. குப்பியை மறைக்கவில்லை, இன்னொரு மடக்கு குடித்தது.

எனக்கு எங்கிருந்து வந்ததோ.

"ஏம்ல, நாலு மணிக்கு எழும்பி உனக்கு மீன் பொரிக்கேன். பதினாலு பயலுவ விறகு மேல இருந்து திங்கான். பப்படம் கடிச்சு மூணு வாரம் ஆச்சு. நீ இங்க புகை விட்டுத் தண்ணி குடிச்சு நோம்பு பிடிக்கியா?"

"ஸாரி, செச்சி. கோச், நோ டெல்."

காதைப் பிடித்து இழுக்க எட்டவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே வந்தேன். செல்வராஜ் படுத்திருந்தான்.

"எலேய், எந்திரி. இவன்கிட்ட இங்கிலீஷ்ல கேளு, இது எந்த ஊரு நோம்புன்னு."

"தண்ணி குடிச்சானா? எனக்குத் தெரியும்க்கா. கிரவுண்ட் பைப்புலயும் குடிப்பான்."

"தெரிஞ்சா ஏம்ல சொல்லல?"

"அது அவனுக்கும் படைச்சவனுக்கும் உள்ள காரியம். நாம எதுக்கு இடையில."

பார், மரியாதை. இந்த மரியாதையில்தான் எல்லாம் கெட்டது.

கேட்டான். அவன் ஏதோ சொன்னான். இவன் மறுபடி கேட்டான். அவன் நீளமாகச் சொன்னான், கையை விரித்து, எட்டு விரல் காட்டி. செல்வராஜ் மெல்ல எழுந்து உட்கார்ந்தான்.

"அக்கா, இவன் நோம்பே பிடிக்கலியாம்."

"பின்ன?"

"மத்தியானம் சோறு கிடையாதுங்கிறது நம்ம கோச் போட்ட பத்தியம்னு நெனச்சிருக்கான்."

"ரம்ஸான்னு கேட்டதுக்கு யெஸ் யெஸ்ன்னானே?"

"ரம்ஸான் மாசம்தானே நடக்கு, அதுக்கு யெஸ்ன்னானாம். அவன் வீட்டுல அம்மை மட்டும்தான் பிடிக்குமாம்."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"பசிக்குன்னு சொல்லப்பிடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

செல்வராஜ் கேட்டுச் சொன்னது, மறக்குமுன் எழுதுகிறேன். இது கொடிமரத்துக்கு எட்டாவது கிளப். துருக்கியில் கோச் ராத்திரி காலைச் சுவரில் தூக்கிவைத்துத் தூங்கச் சொல்வான். மால்டாவில் முதலாளி ரொட்டிக் கடைக்காரன், மூன்று நேரமும் ரொட்டி. மலேசியாவில் மேட்ச்சுக்கு முன் ஒரு கிழவன் வந்து எலுமிச்சம்பழத் தண்ணீரில் குளிப்பாட்டுவான். டாக்காவில் ஆறு பச்சை முட்டை. ஒவ்வொரு கிளப்பிலும் ஒரு கிறுக்கன் இருப்பான், இங்கே மத்தியானச் சோற்றுக் கிறுக்கன் என்று நினைத்தானாம். கேள்வி கேட்கிறவனைத்தான் முதலில் ஊருக்கு அனுப்புகிறார்கள், முந்தின ஏழு இடத்திலும் பார்த்துவிட்டானாம்.

"அனுப்பினா போறது. அம்மை முகத்தப் பாக்கலாம்லா" என்றேன்.

"அவன் ஊரு சண்டையில அடுத்தவன் கைக்குப் போயிட்டுக்கா. அம்மையும் தங்கச்சியும் வேற எங்கேயோ ஒத்த முறியில. ஊருக்கு அனுப்பினா எந்த ஊருக்குன்னு கேக்கான்."

போய் தோசைக்கல்லைப் போட்டேன். மூன்றரை மணிப் பயிற்சிக்கு விசில் ஊதிற்று. ஊதட்டும். பதினொரு தோசை. நான் எண்ணவில்லை, செல்வராஜ் எண்ணினான். கடைசித் தோசைக்குக் கொடிமரம் என்னைப் பார்த்து, "கோச், ஓகே?" என்றான்.

"உன் கோச்ச அடுப்புல வைக்க" என்றேன். "குட், செச்சி" என்றான்.

ஜனவரி 9, சனி

ராத்திரி உறக்கம் வரவில்லை. நாலு மணிக்குப் பழக்கத்தில் எழும்பிவிட்டேன். எழும்பினதுக்கு ஒரு சாயா போட்டு நானே குடித்தேன்.

செ. சார் வீடு வஞ்சியூரில். நடந்தே போனேன். சொன்னேன். முதலில் சிரித்தார். அப்புறம் பேப்பரில் வந்த அவர் படம் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்ததைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"கனகம், இது ஆருகிட்டயும் பறயண்டா. கேட்டோ?" யாரிடமும் சொல்லக்கூடாதாம்.

"பறயாட்டா அவன அனுப்பிருவியளே."

"எப்படியும் அனுப்பத்தான் போறது. பத்தொம்பது நாள் ஒரு பிளேயர நாம பட்டினி போட்டு எந்நு பேப்பர்ல வந்நா கிளப் பூட்டணும். அவன் நல்லா பந்து களிச்சில்ல, போயி. அத்ரதான். இனி கொடுக்குந்ந சோறு நல்லா கொடு."

"நல்லா குடுத்து வண்டி ஏத்தவா சாரே? ஆட்டுக்குத்தான் அப்படிக் குடுப்பாவ."

"கனகம்." குரல் மாறியது. "ஒம்பது வர்ஷமாயில்லே நீ அந்த வீட்டுல. அது ஆலோசிச்சு மிண்டு."

யோசித்துப் பேசவாம். வரும் வழியெல்லாம் யோசித்தேன். எனக்கு இந்த வேலையை விட்டால் களியக்காவிளைக்கு அப்புறம் தம்பி வீடு, தம்பி பெண்டாட்டியின் வாய். அந்த வாயை நினைத்தாலே சோறு இறங்காது. பேசாமல் இருந்துவிடலாம். யாருக்குத் தெரியும். கொடிமரத்துக்கே யார்மேலும் கோபம் இல்லை.

அதுதான் எரிச்சல். கோபப்பட்டுத் தட்டை எறிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜனவரி 10, ஞாயிறு

சாப்பாட்டு மேசையில் பதினைந்து தட்டு. விறகுப்புரை முடிந்தது. மரச்சீனி, இறைச்சி, மோர், பப்படம் நாற்பது.

கொடிமரம் படி இறங்கி வந்து மேசையைப் பார்த்து நின்றுவிட்டான். பயல்கள் பதினாலு பேரும் குனிந்த தலை நிமிரவில்லை. ஒவ்வொருத்தனாக விரலால் சுட்டினான். "யூ? யூ? எவ்ரி டே?"

செல்வராஜ் தலையைச் சொறிந்தான். "எவ்ரி டே. பேக் சைடு. ரெஸ்பெக்ட்."

அவன் துண்டைச் சுருட்டி செல்வராஜ் முதுகில் நாலு போடு போட்டான். சிரித்துக்கொண்டுதான். நாலாவது போடு கொஞ்சம் பலமாகவே விழுந்தது. நான் தடுக்கவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பினான். நான் இறைச்சிக் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டேன். அவன் குனிந்து தட்டை நீட்டினான், அவ்வளவுதான்.

நாளைக்குக் கமிட்டி. சாயங்காலம் நாலு மணிக்கு இதே மேசையில்தான் கூடுவார்கள், வீட்டில் வேறு நீள மேசை இல்லை. சாயாவும் வடையும் நான் கொண்டுபோகணும். கொடிமரம் மாடியை விட்டு இறங்கக்கூடாது என்று உத்தரவு வந்தாயிற்று.

வாங்க வேண்டியது: மைதா, வனஸ்பதி, மாட்டிறைச்சி ஒன்றரைக் கிலோ.

ஜனவரி 11, திங்கள்



கமிட்டிக்கு ஏழு பேர் வந்தார்கள், கோச்சும் சேர்த்து. பிரசிடென்ட் முதலாளி தலைமாட்டில். எண்ணெய் மில்காரர், எழுபது வயது, பல் செட். வடையைச் சாயாவில் முக்கித்தான் தின்பார். செ. சார் காகிதத்தை எடுத்து வாசித்தார். மூன்று மேட்ச், கோல் இல்லை, ஸ்டாமினா இல்லை, வியாழக்கிழமை டிக்கட்.

நான் சாயா வைத்தேன். வடை வைத்தேன். அடுக்களைக்குப் போய் ஒரு தட்டு கொண்டுவந்து மேசையின் கால்மாட்டில் வைத்தேன். அதில் பரோட்டா எட்டு. பக்கத்தில் இறைச்சிக் குழம்பு. மாடிப்படிக்குக் கீழே நின்று, "மிர்சாத், சோறு" என்று கூப்பிட்டேன். கொடிமரம் என்று கூப்பிட வாய் வரவில்லை, பெரிய மனுஷர்கள் இருந்தார்கள்.

இறங்கி வந்தான். ஏழு பேருக்கும் "ஹலோ" சொன்னான். உட்கார்ந்தான். தின்ன ஆரம்பித்தான்.

மணி நாலேகால், ஜன்னலில் பளீரென்று வெயில்.

பிரசிடென்ட் வடையைக் கீழே வைத்தார். "இவனுக்கு நோம்பு இல்லே?"

செ. சார் மின்விசிறியைப் பார்த்தார்.

"நோம்பு கிடையாது முதலாளி" என்றேன். "ஒருநாளும் இருந்ததில்ல. நாங்கதான் பத்தொம்பது நாள் பகல் பட்டினி போட்டோம். நோம்புன்னு நெனச்சு."

"ஆரு நெனச்சு?"

"நான்தான். நௌஷாதுக்குப் போட்ட கணக்குல போட்டேன். அவன்கிட்ட நேராக் கேக்கல."

தட்டில் ஐந்து பரோட்டா பாக்கி. செ. சார் தொண்டையைக் கனைத்தார். நான் சொன்னதை மறுக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"கேட்டது ஞான்தான்" என்றார், மெதுவாக. "சரியா கேட்டில்ல. ஒரு வாக்குல கேட்டு, ஒரு வாக்குல பதில் வாங்கிட்டேன்."

கொடிமரம் எல்லா முகத்தையும் பார்த்தது. ஏதோ சண்டை என்று புரிந்திருக்கும். ஒரு பரோட்டாவை எடுத்து, எழுந்து நடந்து போய், பிரசிடென்ட் சாசரில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தது.

முதலாளி அதைப் பார்த்தார். பிய்த்து சாயாவில் முக்கினார்.

"பகல் பட்டினியில இவன் எழுபது மினிட் ஓடியோ?"

"ஓடினான் சார்" என்றார் கோச். விசில் இல்லாமல் அவர் குரலை அப்போதுதான் கேட்டேன்.

"என் மில்லுல நாலு நேரம் தின்னிட்டு ஒருத்தனும் எழுபது மினிட் நிக்கில்ல. புதனாழ்ச்ச மேட்ச்சில களிக்கட்டே. கோல் வந்நா இருக்கட்டும். இல்லெங்கில் வியாழாழ்ச்ச டிக்கட்." என் பக்கம் திரும்பினார். "உன்ன என்ன செய்ய?"

"என்ன அனுப்பினா புதனாழ்ச்சக்கு அவனுக்கு யாரு பொங்குவா முதலாளி?"

"பொங்கு" என்றார். "கேட்டுட்டுப் பொங்கு."

செ. சார் போகும்போது வாசலில் நின்று, இனிமேல் கமிட்டிக்கு சாயா கடையிலிருந்து வரும் என்று சொன்னார். வரட்டும். அந்தக் கடைச் சாயாவைக் குடித்துப் பார்த்துவிட்டு என்னிடம்தான் வருவார்.

ஜனவரி 12, செவ்வாய்

எழும்பியது ஆறு மணிக்கு. ஆகா.

காலை: இட்டலி, முட்டை. பத்து மணி: பழம், பால். மத்தியானம்: சோறு, மீன். நாலு: அவல். இனியும் ஏதாவது என்று கேட்டேன். வயிற்றைத் தொட்டுக் காட்டிக் கும்பிட்டான். செல்வராஜ் சொல்கிறான், இப்படிப் போட்டால் நாளைக்கு ஓடமாட்டான், உருளுவான் என்று.



ஜனவரி 13, புதன்

போனேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கிரவுண்டுக்கு. தூக்குச்சட்டியில் எலுமிச்சம்பழத் தண்ணீர். அவல் பொட்டலம். கேலரியில் எனக்குப் பக்கத்தில் அந்தக் கட்டில்காரன். பேச்சைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. தொடங்கினதுமே ஆரம்பித்தான், "சாயிப்பே, தலையணை வேணோ?"

"எட, உனக்கு வீட்டுல பெண்டாட்டி தலையணை குடுக்கல்லியா, இங்க வந்து ஏலம் போடுத?" என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் அடங்கினான்.

முதல் பாதியில் எதிர்க்கட்சி ஒரு கோல். கொடிமரம் உதைத்தது ஒன்று கம்பத்துக்கு மேலே, ஒன்று கம்பத்துக்கு வெளியே, ஒன்று போலீஸ்காரன் தொப்பியில். கண்ணை மூடிக்கொண்டேன். அம்பது நிமிஷம். ஓடுகிறான். அறுபது. ஓடுகிறான். எழுபதில் கோச் அவனைப் பார்த்தார், அவன் கோச்சைப் பார்த்து வேண்டாம் என்று கையை ஆட்டினான். கோச்சுக்கு விசில் வாய்க்குள் போயிருக்கும்.

எண்பதும் தாண்டியது. கட்டில்காரன் எழுந்து செருப்பைப் போட்டான். கார்னர். செல்வராஜ் உதைத்தது. அவர்கள் கோல்கீப்பர் குத்தித் தள்ளினான், பந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்த கொடிமரத்தின் பிடரியில் பட்டு உள்ளே போனது. அடித்தவனுக்கே தெரியாது. பயல்கள் மேலே ஏறி விழுந்த பிறகுதான் அவன் திரும்பி வலையைப் பார்த்தான்.

ஒன்றுக்கு ஒன்று. பேப்பர்க்காரன் இதை அதிர்ஷ்டம் என்று எழுதுவான். எழுதட்டும். போன மேட்ச்சில் அந்த நேரம் இவன் பெஞ்சில் கிடந்தான். பிடரியில் படவும் நிற்கணும் அல்லவா.

"பின்னாலயும் கண்ணுண்டோ, சாயிப்பே" என்று கட்டில்காரன் கத்தினான். செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் எலுமிச்சம்பழத் தண்ணீர் ஒரு கிளாஸ் கொடுத்தேன்.

வேன் பக்கத்தில் பிரசிடென்ட் முதலாளி செ. சாரிடம், "கோல்தானே?" என்று கேட்டார். "கோல்தான் சார்." "அப்ப சீசன் தீரும் வரெ இருக்கட்டும்."

செல்வராஜ் இங்கிலீஷில் சொன்னான். கொடிமரம் கேட்டுக்கொண்டான். வேன் படியில் உட்கார்ந்து பூட்ஸை அவிழ்த்தான். இரண்டு காலும். முழுசாக.

ஜனவரி 14, வியாழன்

வெயில். டிக்கட் இல்லை. வீட்டில் பந்தாட்டச் சத்தம்.

காலையில் கொடிமரம் அடுக்களைக்கு வந்தது. மீனில் மிளகு அதிகம். சோறு தினமும் எதற்கு. சாயாவில் இத்தனை சீனியா. சூப் என்று ஒன்று இந்த ஊரில் கிடையாதா. செல்வராஜ் ஒவ்வொன்றாகச் சொல்லச்சொல்ல எனக்குத் தலை சுற்றியது. பத்தொன்பது நாள் பட்டினி போட்டபோது வாய் திறக்காத ஜென்மம்.

"இவன்கிட்ட சொல்லு, இது என்ன சம்மந்தி வீடான்னு."

"சொன்னேன்க்கா. நாளைக்கு காய் எது வாங்கலாம்னு அவனும் கூட வாரானாம் மார்க்கெட்டுக்கு."

அதோடு விட்டானா. அவன் அம்மை செய்கிற ஒரு இறைச்சிப் பலகாரம் உண்டாம், இன்று எல்லோருக்கும் அவன் செய்கிறானாம். மைதாவைப் பிசைந்தான். என் சலவைப் படுக்கைவிரிப்பை எடுத்து அடுக்களைத் தரையில் சுவருக்குச் சுவர் விரித்தான். மாவை நடுவில் வைத்து, சுற்றிச்சுற்றி வந்து கைமுட்டியால் இழுக்கிறான். கிழியாமல் இழுக்கிறான், அதைச் சொல்லணும். விரிப்பின் பூ மாவுக்குள்ளே தெரிகிறது. அடுப்பு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். உள்ளே கால் வைத்தால் "நோ, செச்சி, நோ" என்கிறான்.

மணி ஒன்றரை. அரிசி களையவில்லை. பதினாலு பயலும் தட்டோடு முற்றத்தில் உட்கார்ந்து என்னைப் பார்க்கிறான்.